இங்கிலாந்துப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் செயலாளராகியிருக்கிறேன்; நிகழ்ச்சிகளின் பாதுகாப்பில் என் பொறுப்பு எவ்வளவு, மாணவர் ஒன்றியம் அனுப்பிய இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவது?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சியில் யாருக்காவது ஏதேனும் நேர்ந்தால் சட்டம் உங்களைப் பிடிக்குமா என்பது ஒன்று. மாணவர் ஒன்றியம் அனுப்பியிருக்கும் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவது என்பது மற்றொன்று. நான் வட இங்கிலாந்தில் இளங்கலை படித்தபோது இரண்டாம் ஆண்டில் தமிழ்ச் சங்கச் செயலாளராகவும் மூன்றாம் ஆண்டில் தலைவராகவும் இருந்தேன். நான் வழக்கறிஞன் அல்லன். அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றதையும், ஒரு முறை தவறியதையும் வைத்தே எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரிட்டனில் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம். அதன் பெரும்பகுதி வேலை கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்துவது. எனினும் அதன் 3ஆம் பிரிவு, தம்மிடம் வேலை செய்யாத ஆனால் தம் செயல்பாடுகளால் பாதிக்கப்படக்கூடிய பிறரின் பாதுகாப்பையும் அவர்கள் கவனிக்க வேண்டும் என்கிறது. சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகமும் மாணவர் ஒன்றியமும் இதற்குள் வருகின்றன. பெரும்பாலான சங்கங்கள் ஒன்றியத்தின் உட்பிரிவுகளே. அவற்றுக்குத் தனியான சட்ட உருவம் கிடையாது. ஆகவே ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்று, நீங்கள் எழுதிக்கொடுத்தபடியே நடத்திய நிகழ்ச்சிக்கு அவர்களின் பொதுப் பொறுப்புக் காப்பீடு பொதுவாகத் துணை நிற்கும். ஒப்புதல் இல்லாமல் நடத்தியதற்கும், படிவத்தில் ஒன்று எழுதி மேடையில் வேறொன்று செய்ததற்கும் அது துணை நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதோடு, ஒரு சாதாரண மனிதர் எடுக்கக்கூடிய கவனத்தை எடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்தால் அது தனி மனிதராக உங்களையும் நோக்கி எழலாம். மண்டப வாடகை ஒப்பந்தத்திலோ ஒலி, ஒளி நிறுவனத்தின் ஒப்பந்தத்திலோ உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திடாதீர்கள். ஒன்றியத்தின் வழியாகவே செய்யுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு கையெழுத்திட்டுவிட்டு, முன்பணத் தகராறில் மூன்று மாதம் தவித்தார்.

இனிச் சமையலுக்கு வருகிறேன். தமிழ்ச் சங்கங்களில் ஆபத்து பெரும்பாலும் பந்தியில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 14 ஒவ்வாமைப் பொருள்கள் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலை நம் அடுக்களையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாளிக்காத பண்டம் நம்மிடம் எத்தனை உண்டு? எள் இருக்கிறது; ஆகவே நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் அதில் அடங்கும். பால் இருப்பதால் நெய்யும், நிலக்கடலை இருப்பதால் பல சட்னிகளும் கணக்கில் வரும். முந்திரியும் பாதாமும் மரக்கொட்டைகள் என்ற தனி வகையில் வருவதால் நிலக்கடலையோடு சேர்த்து ஒரே வரியில் எழுதக்கூடாது. எல்லோரும் கோட்டைவிடுவது பெருங்காயத்தில்தான். கடையில் டப்பாவில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசியும் பருப்பும் மட்டும்தானே என்று நினைத்து, சாம்பாரின் முன்னால் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லை என்ற அட்டையை நாங்கள் ஓராண்டு முழுவதும் வைத்திருந்தோம், அது தவறு. சங்கத்துக்கு நிதி திரட்ட லட்டையும் முறுக்கையும் முன்கூட்டியே பெட்டியில் அடைத்து விற்கும் எண்ணம் இருந்தால், 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள நடாஷா சட்டத்தை ஒன்றியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எள் கலந்த ரொட்டியை உண்டு 2016இல் இறந்த 15 வயதுப் பெண்ணின் பெயரால் அழைக்கப்படும் அந்த விதி, விற்கும் இடத்திலேயே அடைத்து வைக்கப்படும் உணவின் மீது முழுப் பொருள் பட்டியலும் இருக்க வேண்டும் என்கிறது.

நான் தவறிய கதையும் பந்தியில் நடந்ததுதான். 2023 பிப்ரவரியில் பொங்கல் விழா. படிவத்தில் ஒவ்வாமை என்ற வரிக்கு நேராக, ஒவ்வொரு பண்டத்தின் முன்னும் அட்டை வைக்கப்படும் என்று எழுதி, நிகழும் வாய்ப்பு 2, விளைவின் கடுமை 4, பெருக்கினால் 8, ஆகவே நடுத்தர இடர் என்று குறித்திருந்தேன். சர்க்கரைப் பொங்கலை முந்திரி போட்ட அண்டா ஒன்று, போடாத அண்டா ஒன்று என இரண்டாகச் செய்யச் சொல்லியிருந்தோம். இரண்டு அட்டைகளும் சரியாகவே இருந்தன. வரிசை நீண்டு, பரிமாறியவர்கள் மாறியபோது அகப்பையும் மாறிவிட்டது; முந்திரி அண்டாவில் இருந்த அகப்பை அடுத்த அண்டாவுக்குள் போனதை எவரும் கவனிக்கவில்லை. முந்திரி ஒவ்வாமை உள்ள முதலாண்டு மாணவி ஒருத்தி முறையாகக் கேட்டாள். பரிமாறிய தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, முந்திரி இல்லை அக்கா, சாப்பிடுங்கள் என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. சில நிமிடங்களில் அவளுக்கு உதடு வீங்கி மூச்சு இரைத்தது. அவளிடம் எபிபென் என்ற, ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உடனே போடும் ஊசி இருந்தது, அவள் தோழிக்கு அதைப் போடத் தெரிந்திருந்தது. எங்கள் குழுவில் எவருக்கும் தெரியாது. அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்தோம். மண்டபத்துக்கு இரண்டு சாலைகளில் வாசல்கள் இருந்தன. ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வந்து நிற்க, நாங்கள் முன்வாசலில் கையசைத்துக்கொண்டிருந்தோம். அவள் அன்றிரவே தேறிவிட்டாள். அதன் பிறகு பல வாரங்கள் அந்த 8 என்ற எண்ணை நினைத்து எனக்கே எரிச்சல் வந்தது. அட்டை வைப்பது யார் என்று எழுதியிருந்தேன். அகப்பையைக் காப்பது யார், வாசலுக்கு ஓடுவது யார் என்று எழுதவில்லை.

ஆகவே படிவத்தைப் பற்றிய என் பதில் இதுதான்: ஒவ்வொரு வரியிலும் ஒரு செயலும் அதைச் செய்யும் ஒரு பெயரும் இருக்க வேண்டும். ‘தன்னார்வலர்கள் கவனிப்பார்கள்’ என்று எழுதினால் எவரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்த விழாவில் அண்டாவுக்கு ஒரு நிற நாடா, அதே நிற நாடா கட்டிய அகப்பை, நடுவில் மாறாத ஒரு பரிமாறுபவர், முந்திரிப் பண்டங்களுக்கு அறையின் மறுகோடியில் தனி மேசை என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வாமை அதிர்ச்சியில் இருப்பவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடக்கூடாது. எபிபென் போட்டு 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி போடலாம். 999இல் பேசும்போது இந்த ஒவ்வாமை அதிர்ச்சியின் மருத்துவப் பெயரான ‘அனஃபிலாக்ஸிஸ்’ என்ற சொல்லையே சொல்ல வேண்டும். குழுவில் ஒருவராவது இதைப் பயின்றிருக்கட்டும். வளாகக் காவல் அறையின் எண்ணும் மண்டபத்தின் அஞ்சல் குறியீடும் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

உணவைப் பற்றி இன்னும் ஒன்று. சூடான உணவை 63 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 2 மணி நேரம் வரை பரிமாறலாம். நம்மவர்கள் சாம்பாருக்குப் பயப்படுவார்கள். ஆனால் சோற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. காலையில் விடுதியில் வடித்த புளியோதரையை மாலைக் கலைநிகழ்ச்சி முடிந்து பரிமாறலாம் என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். கசப்பு வரும், வரட்டும்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு துயரம் இருக்கிறது. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் நடத்திய தொழில்நுட்ப விழாவின் இசை நிகழ்ச்சிக்கு முன் மழை பெய்ய, வெளியே நின்றவர்கள் திறந்தவெளி அரங்குக்குள் ஒரே வேகத்தில் நுழைய முற்பட்டு, கீழிறங்கும் படிகளில் விழுந்து நால்வர் இறந்தனர். அங்கே தீப்பிடிக்கவில்லை, சண்டையும் நடக்கவில்லை. வாசல், படி, மழை மட்டுமே. நம் விழாக்கள் சிறியவைதாம். ஆனாலும் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் கதவைத் திறந்து, குளிரில் நின்ற குடும்பங்களை மொத்தமாக உள்ளே விடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. மண்டபத்தின் கொள்ளளவு எண் பெரும்பாலும் அவசர வழிகளின் அகலத்தையும் எண்ணிக்கையையும் வைத்து வருவது; நாற்காலி மிச்சம் இருப்பதால் அதைத் தாண்டலாம் என்று பொருளில்லை. நடனக்குழுவையும், ஒலிக்காரர்களையும், மடியில் இருக்கும் குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். தள்ளுவண்டிகளை அவசர வழியில் நிறுத்தும் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குத்துவிளக்குக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பட்டுப் பாவாடையும் திரைச்சீலையும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, ஏற்றிய பின் அதைவிட்டு நகராத ஒருவரை நிறுத்த வேண்டும். புகை உணர்கருவியை எவரேனும் பையால் மூடச் சொன்னால் விளக்கே வேண்டாம் என்று முடிவெடுங்கள். ஊரிலிருந்து வந்த உருண்டை முள் பிளக்கை மலிவான அடாப்டரில் செருகி மேடைக்கோ சமையலுக்கோ பயன்படுத்த வேண்டாம்.

மது குறித்துத் தமிழ்ச் சங்கங்களில் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள், ஆனால் விழாவுக்குப் பின் நடக்கும் விருந்துகள் எல்லோருக்கும் தெரியும். 2016 டிசம்பரில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தடை செய்யப்பட்டிருந்த சேர்க்கைச் சடங்கு ஒன்றில் ஒரு மாணவர் சங்கத்தினர் புதியவர்களுக்கு அளவின்றி ஓட்கா கொடுத்ததில் 20 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நினைவிழந்தவரை உறங்கட்டும் என விட்டிருந்தார்கள். குடித்து மயங்கியவரைத் தனியே விடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, எழுப்பினால் எழாவிட்டால் 999ஐ அழையுங்கள். சங்கத்தின் பெயர் கெடுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. சீனியர் என்ற உரிமையில் குடிக்கச் சொல்பவரைத் தடுப்பதும் உங்கள் வேலைதான்.

இன்னொன்றையும் குழுவில் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அவர் மேடையில் ஆடக்கூடாது, தொகுத்து வழங்கக்கூடாது, பந்தியிலும் நிற்கக்கூடாது. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் அபாய மணி ஒலித்தால் அவர் விளக்கைப் போட்டு எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். எங்கள் தலைவர்தான் வழக்கமாக எல்லாவற்றையும் செய்வார் என்பீர்கள். ஆனால் நாட்டியத்துக்குச் சலங்கை கட்டியிருப்பவரால் இது முடியாது.

சிறு காயமானாலும் அன்றே ஒன்றியத்தின் விபத்துப் படிவத்தில் எழுதுங்கள். நேரவிருந்து நேராமல் போனதையும் எழுதி அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள். ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறுவதால் எழுதாதது மறைந்துவிடும். எங்கள் அகப்பைக் கதை இன்னும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

பொங்கல் விழாவுக்கான படிவத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒன்றிய அலுவலகம் மூடிவிட்டால் ஜனவரி தொடக்கம் வரை பதில் வராது, அதன் பின் தேர்வுகள் வந்துவிடும்.