கல் பதித்தால் கூட்டம் வருமா?

கேள்வி: பழைய நகர மையங்களில் நெரிசலும் குப்பையும் தாங்க முடியவில்லை. கார்களை வெளியேற்றி, தெரு முழுக்கக் கல் பதித்து, அலங்கார விளக்குகள் போட்டு, நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தினால் அந்த இடங்கள் மறுபடி களைகட்டிவிடுமே! இதற்குப் போய் ஏன் ஆளாளுக்கு எதிர்ப்புக் கொடி பிடிக்கிறார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் நான்கு காரியங்களில் முதலாவது நல்லது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒப்பந்ததாரருக்கு நல்லது. நான்காவது, எந்தக் கலகலப்பு வேண்டும் என்கிறீர்களோ அதையே லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை.

கொடி பிடிப்பவர்களை எல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். சிலர் எதையுமே மாற்றக் கூடாது என்பவர்கள். மற்றவர்கள், இடம் மாறிய பிறகு நாங்கள் அங்கே இருப்போமா என்று கேட்பவர்கள். முதல் தரப்புக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாம் தரப்பின் கேள்விக்குத்தான் அதிகாரிகள் தொண்டையைச் செருமுகிறார்கள்.

முதல் தரப்புக்கு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனைக் காட்டலாம். 1962 நவம்பரில் ஸ்ட்ரோயட் என்ற பழைய கடைத்தெருவில் கார்களை நிறுத்தினார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். தெருவில் உட்கார்ந்து பொழுதுபோக்க நாம் என்ன இத்தாலியர்களா, குளிரில் விறைக்கும் டேனியர்கள்தானே என்ற கேலி வேறு. சோதனையாகத் தொடங்கியது 1964-ல் நிரந்தரமானது. 1962-ல் 15,800 சதுர மீட்டராக இருந்த கார் இல்லாத பரப்பு, 1996-ல் 95,000 சதுர மீட்டரைத் தாண்டியது. டேனியர்களும் வெளியே உட்காரக் கற்றுக்கொண்டார்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டாவது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வண்டி நிறுத்துமிடங்களை ஒரேயடியாக ஒழிக்காமல் ஆண்டுக்கு இரண்டு, மூன்று சதவீதம் என்று குறைத்தார்கள். யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. கட்டடக் கலைஞர் யான் கேல் 1960களிலேயே அந்தத் தெருக்களில் நின்று ஆள் எண்ணத் தொடங்கியவர். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தார்கள் அவரும் அவர் மாணவர்களும். எந்த ஊரிலும் போக்குவரத்துத் துறையைக் கேட்டால் எத்தனை வண்டி ஓடுகிறது என்று சொல்லிவிடும். ஒரு சதுக்கத்தில் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

'ஆகா, அப்படியானால் என் யோசனைதானே' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோபன்ஹேகனுக்கு மூன்று வருடம் முன்பே, 1959-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர் தன் கடைத்தெருவில் கார்களுக்குத் தடை போட்டது. மரம், பூச்செடி, பெஞ்ச் எல்லாம் வைத்தார்கள். அதைப் பார்த்து அடுத்த இருபது வருடத்தில் ஏறக்குறைய 200 அமெரிக்க நகரங்கள் இறங்கின. பெரும்பாலானவை பின்னால் கார்களையே வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்ப அழைத்தன. கலமசூவே 1998-ல் தெருவின் ஒரு பகுதியில் கார்களுக்கு வழிவிட்டது.

அதே பெஞ்ச், அதே மரம், அதே தடை. பிறகு ஏன் கோபன்ஹேகனில் பலித்தது அமெரிக்காவில் பலிக்கவில்லை? அமெரிக்க நகரங்களின் மையத்தை விட்டு அதற்குள் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டிருந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில், ஆயிரக்கணக்கில் கார் நிறுத்தும் வசதியோடு மால்கள் வந்துவிட்டன. மையத்தில் மிச்சம் இருந்தது பகல்நேரக் கடைகளும் அலுவலகங்களும்தான். மாலையில் அவற்றைப் பூட்டியதும் தெரு சுடுகாடு. கோபன்ஹேகனின் பழைய பகுதியிலோ கடைகளுக்கு மேலே குடித்தனங்கள் இருந்தன. ராத்திரியில் அந்த ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. கீழே தனியாக நடந்து போகும் பெண்ணுக்கு உங்கள் அலங்கார விளக்கைவிட அந்த ஜன்னல் வெளிச்சம் பெரிய தைரியம்.

இன்னும் சந்தேகமென்றால் வெனிஸைப் பாருங்கள். அந்தத் தீவுப் பகுதிக்குள் கார் நுழையவே முடியாது. கல் தரைக்கும் குறைவில்லை, அழகுக்குக் கேட்கவே வேண்டாம். நீங்கள் இனிமேல் செய்யச் சொல்லும் அத்தனையும் அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. 1951-ல் அங்கே சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. சதுக்கங்களில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அந்தக் கூட்டம் மாலையில் கப்பலுக்கோ விடுதிக்கோ போய்விடும். வீட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு விடுவதைவிட உல்லாசப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் என்று ஆகிவிட்டால், ஆணி வாங்கும் கடை மூடி, பயணிகளுக்கு நினைவுப்பொருளாக முகமூடி விற்கும் கடை வரும். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறைவார்கள். தெரு மட்டும் பளிச்சென்று இருக்கும்.

ஆகவே சீரமைப்பை எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், நான் தரையைக் காட்ட மாட்டேன், முதல் மாடியைக் காட்டுவேன். இத்தாலியிலேயே பொலோனா நகராட்சி 1973-ல் இதைச் செய்து காட்டியது. பியர் லூயிஜி செர்வெல்லாத்தி என்ற கட்டடக் கலைஞர் முன்னின்று வகுத்த திட்டம். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போம், ஆனால் அதில் குடியிருக்கும் தொழிலாளியும் கைவினைஞரும் மாணவரும் அங்கேயே இருப்பார்கள் என்றது அது. வேலை நடக்கும்போது குடித்தனக்காரர்களுக்கு அருகிலேயே தற்காலிக வீடு, முடிந்ததும் கட்டுப்படியாகும் வாடகையில் பழைய இடம். நகராட்சி உதவிப்பணம் வாங்கிய வீட்டுக்காரர் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபடி ஒப்பந்தம். தனியார் வீடுகளைக் கையகப்படுத்துவது என்ற முதல் யோசனை எதிர்ப்பால் கைவிடப்பட்டது. நினைத்தது முழுக்க நடக்கவில்லை. இருந்தாலும், 'பாரம்பரியம் என்பது சுவர் மட்டுமல்ல, சுவருக்குள் இருப்பவரும்தான்' என்பதை மேடைப்பேச்சாக விட்டுவிடாமல் வரவு செலவுத் திட்டத்தில் எழுதிய நகராட்சி அது.

கார் பற்றி ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. ஸ்பெயினின் பொந்தவேத்ரா 1999-ல் பழைய மையத்திலிருந்து கார்களை வெளியேற்றியது. மேயர் மிகேல் அன்ஷோ ஃபெர்னாந்தெஸ் லோரெஸ் ஒரு டாக்டர். மையத்துக்கு வெளியே, நடக்கும் தூரத்தில், இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுத்தார்கள். பிறகு மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு படம் அச்சடித்தார்கள். அதில் ரயில் கிடையாது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று மட்டும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெரிய மால்களுக்கு அனுமதி தராமல் இழுத்துப் பிடித்தார்கள். கலமசூவைக் கவிழ்த்த பள்ளம் இவர்கள் பாதையில் வெட்டப்படவே இல்லை. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா 2007-ல் மையத்தைக் கார்களுக்கு மூடியதைத் தொடர்ந்து, நடக்க முடியாத முதியவர்களுக்காகச் சிறிய மின்வண்டிகளை விட்டது. கை காட்டினால் நிற்கும், கட்டணம் கிடையாது. எதிர்ப்பவரின் நியாயமான பயத்துக்குப் பதில் வைத்திருப்பது என்றால் இதுதான்.

இனி உங்கள் நான்காவது யோசனைக்கு வருகிறேன். மொரோக்கோவின் மராகெஷ் நகரில் ஜமா எல்-ஃப்னா என்றொரு சதுக்கம் இருக்கிறது. கட்டடக் கலைக்காக யாரும் அந்தச் சதுக்கத்தைத் தேடிப் போவதில்லை. கதைசொல்லிகள், வித்தைக்காரர்கள், மூலிகை விற்பவர்கள், இரவானால் புகையெழும்பும் சாப்பாட்டுக் கடைகள், இவ்வளவுதான் அதன் சொத்து. அந்தச் சதுக்கத்தைத் தொட்டு உயரக் கட்டடமும் நிலத்தடி வண்டி நிறுத்தமும் கட்ட யோசனை வந்தபோது, அங்கேயே வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் யுவான் கொய்திசோலோ களத்தில் இறங்கினார். 2001-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அந்தச் சதுக்கத்தின் பண்பாட்டை அறிவித்தது. கதைசொல்லியும் கடைக்காரரும் போனால் மிஞ்சுவது ஒரு காலி மைதானம்தான் என்பது அந்த அறிவிப்பின் அடிப்படை. நீங்கள் அப்புறப்படுத்தச் சொல்லும் ஆட்களை அங்கே உலகச் சொத்தாக மதித்திருக்கிறார்கள்.

நடைபாதை வியாபாரத்தில் ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே நிற்கலாம், எவ்வளவு அகலம், குப்பையை யார் எடுப்பது, இதையெல்லாம் வரையறுக்கத்தான் வேண்டும். துரத்துவது வேறு. விடியற்காலை கடை விரித்து இரவு பதினொன்றுக்கு மூட்டை கட்டுபவரைவிட அந்தத் தெருவை நன்றாகக் கவனிக்கும் காவலாளி யார்? தெருவைப் பாதுகாப்பது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்று நகர வாழ்க்கை பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸ் 1961-லேயே எழுதிவிட்டார். அந்தக் கண்களை வெளியேற்றிவிட்டுக் கேமரா வாங்குகிறோம்.

சரி, வந்தவர்கள் எங்கே உட்காருவார்கள்? அமெரிக்கர் வில்லியம் வைட் 1970களில் நியூயார்க்கின் சதுக்கங்களை உயரத்திலிருந்து படமெடுத்து, மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். கண்டுபிடித்தது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி: உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். சிரிக்காதீர்கள், அதுவரை கோடிக்கணக்கில் செலவழித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒருவர் நாற்காலிக்கு வருவார், அதை அரை அடி இந்தப் பக்கம் இழுப்பார், சில சமயம் திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளுவார், பிறகுதான் உட்காருவார். தன் இடத்தைத் தானே தீர்மானித்த திருப்தி. 1992-ல் மறுபடி திறந்த நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில், வெளிப்பார்வையை மறைத்த புதர்வேலிகளை எடுத்துவிட்டு, கட்டிப்போடாத நாற்காலிகளைப் போட்டார்கள். அதற்குமுன் போதை வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. நம் காலத்து வடிவமைப்பாளர்களோ யாரும் படுத்துவிடக் கூடாதென்று பெஞ்சுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைக்கிறார்கள். படுக்க வந்தவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார், உட்கார வந்த கிழவிதான் இடிபட்டு எழுந்து போவாள்.

கல் பதிப்பதென்றால் இத்தாலியின் சியனா நகரச் சதுக்கத்தைப் பார்த்துப் பதியுங்கள். 1349-ல் முடித்த செங்கல் தரை. அன்று ஆண்ட ஒன்பது பேர் மன்றத்தை நினைவூட்ட ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கிளிஞ்சல் போல ஒரு பக்கம் சரித்துவிட்டார்கள். மழைத் தண்ணீர் சரிவின் அடியில் இருக்கும் மடையில் வடிந்துவிடும். வெயில் தாழ்ந்ததும் சதுக்கம் முழுக்க ஜனங்கள் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடக்கிறார்கள், ஒரு பெஞ்ச்கூடத் தேவைப்படாமல். தரைக்குச் செலவழித்த காசு என்றால் அது.

கம்ப்யூட்டரில் வரைந்த திட்டப் படங்களை நம்பி ஏமாறாதீர்கள். அதில் எப்போதும் இளவெயில், பலூன் பிடித்த குழந்தை, மடிக்கணினியோடு ஓர் இளைஞர். வயதானவர் இருக்க மாட்டார், விற்பவர் இருக்க மாட்டார், அவசரமாக ஒதுங்க இடம் தேடுபவரும் இருக்க மாட்டார். உங்கள் பகுதித் திட்டம் மக்கள் பார்வைக்கு வரும்போது நேரில் போய் நான்கு விஷயம் கேளுங்கள். இப்போது மாடிகளில் குடியிருப்பவர்களின் வாடகை வேலை முடிந்த பிறகு என்ன ஆகும்? வேலை நடக்கும் மாதங்களில் இப்போதைய வியாபாரிகள் எங்கே நிற்பார்கள்? பொதுக் கழிப்பறையும் நிழலும் வரைபடத்தில் எங்கே? கேபிள் போடத் தோண்டினால் பெயர்த்த அதே கல்லைத் திரும்பப் பதிப்பது எந்தத் துறை, அதற்குப் பணம் எந்தத் தலைப்பில்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இரண்டாம் வருடமே உங்கள் அழகுக் கல்லுக்கு நடுவே தார் ஒட்டு தெரியும். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.