கான்கிரீட் ஊற்றியதும் ஊமையான சென்சார்: பதில்

வணக்கம் நண்பரே. கான்கிரீட்டுக்குள் புதைத்து, வெளியே இருக்கும் ரீடரிலிருந்து (டிரான்ஸ்மிட்டர்) காயில் வழியாக வயர் இல்லாமல் மின்சாரம் ஊட்டும் வெப்பநிலை சென்சார் உங்களுடையது. மேசையில் 5 செ.மீ. தள்ளி வைத்தபோது பேசிய அது, ஸ்லாப் வார்த்த பிறகு வாயே திறக்கவில்லை, டிரான்ஸ்மிட்டர் பவரைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

சென்சாரின் காயிலை ஸ்லாபின் இரும்புக் கம்பி வலையோடு ஒட்டிக் கட்டினேன் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். காயில் வேலை செய்யும் 13.56 மெகாஹெர்ட்ஸில் கம்பியில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, உங்கள் காந்தப்புலத்தை எதிர்க்கும். காயிலின் இண்டக்டன்ஸ் (காந்தப்புலத்தை உண்டாக்கும் திறன்) குறைந்து, ஒத்ததிர்வு, அதாவது காயில் நன்றாகப் பிடிக்கும் அதிர்வெண், மேலே நகர்ந்துவிடும். அதன்பிறகு பவரைக் கூட்டினால் கம்பிக்குத்தான் சூடு. ஈரக் கான்கிரீட்டும் கொஞ்சம் விழுங்கும். ஆனால் அது பெரிய வில்லன் 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத்துக்குத்தான்.

இப்போதைய ஸ்லாபில், ரீடரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.  பெரிதாக நம்பிக்கை தரமாட்டேன்.

அடுத்த வார்ப்பில் காயிலுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபெரைட் ஷீட் (காந்தப்புலத்தைக் கம்பிக்குப் போகவிடாமல் தன் வழியே திருப்பும் தகடு) வையுங்கள், இடைவெளியும் விடுங்கள். ஒத்ததிர்வைச் சரிசெய்யும் டியூனிங் கெப்பாசிட்டரை மேசையில் முடிவு செய்யாதீர்கள். கம்பியில் கட்டிய நிலையிலேயே அளந்து போடுங்கள், ஃபெரைட் ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும். காயிலை எபாக்ஸியில் மூடுங்கள், சுற்றுகளுக்கு நடுவே ஈரம் புகுந்தால் மறுபடி டியூன் கலையும். ஆழம் கூடினால் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். டேட்டா வேகம் குறையும், வெப்பநிலை அளக்க அது போதும். டேட்டாவுக்குத் தனி ரேடியோ வேண்டாம், அதே காயிலில் லோட் மாடுலேஷன் (சென்சார் தன் சுமையை மாற்றி மாற்றி ரீடருக்குச் சேதி சொல்லும் முறை) போதும்.

கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிப்பவரிடம் காயில் இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள், மறக்காமல்.