எப்போது என்று கேட்டவர்

அன்புள்ள ஐயா,

ஒரு வடிவமைப்புக் குழுவுக்கு நான் பொறுப்பாளர். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரைப் பற்றியும் மதிப்பீடு எழுத வேண்டும். இம்முறை ஓர் இளைஞரைப் பற்றி "ஆணவம் மிக்கவர், பிறரை மதிக்காதவர்" என்று எழுதினேன். படித்துவிட்டு "எப்போது மேடம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசுவதில்லை. இன்னொருவர், மூத்தவர், இளையவர்கள் வரைந்ததில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர். அவரைப் பற்றி "குழுவின் பங்களிப்பை முன்னிறுத்துவதில் இன்னும் மேம்படலாம்" என்று எழுதினேன். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. மனிதர்களின் நடத்தையைப் புண்படுத்தாமல் சொல்வதற்கான சொற்பட்டியல் எங்காவது கிடைக்குமா? தமிழில் இதற்குச் சொற்கள் போதவில்லையோ என்றும் தோன்றுகிறது. கதைகள் படித்தால் சொல்வளம் கூடுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

சொற்கள் போதவில்லை என்பதை முதலிலேயே தள்ளிவிடுவோம். 1936இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆங்கில அகராதியைச் சலித்து, மனிதரின் இயல்பையும் நடத்தையையும் குறிக்கும் சொற்களை எண்ணினார்கள். 17,953 தேறின. அத்தனையும் கைவசம் இருப்பவர்களும் உங்களைப் போலவே மதிப்பீட்டுப் படிவத்தின் முன் பேனாவைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கதை படியுங்கள், நல்லதுதான். இதற்காகப் படிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த சமயம் நான் அம்மாவின் மருத்துவமனைக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கடைசி நாட்களில் பேச்சு நின்றுவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய குறிப்பேட்டில் ஓர் இரவு யாரோ "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். காலையில் வந்தவர் அதைப் படித்த பிறகுதான் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே குரல் உயர்ந்தது. ரத்தம் எடுக்க வந்தவர் கையைப் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆளையும் கூடவே கூட்டி வந்தார். அம்மா நாள் முழுக்க மறுத்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் வேறொரு செவிலி வந்தாள். வேலைக்குப் புதிது போல. குறிப்பைப் படித்தாளா என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் நின்றபடியே எழுதினாள்: "இடது கையைத் தொட்டால் கொடுக்கிறார். வலது கையைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறார், முகம் சுளிக்கிறார்." அதைப் படித்த மருத்துவர் வலது கையின் பிளாஸ்டரைப் பிரித்தார். சொட்டு மருந்து ஏறும் ஊசி நரம்பை விட்டு விலகி, முழங்கைக்குக் கீழே கை வீங்கியிருந்தது.

முதலில் எழுதியவர் பொய் எழுதவில்லை, கவனியுங்கள். அம்மா மறுக்கத்தான் செய்தார். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு யாருக்கும் அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பார்த்து முடித்தாகிவிட்டது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இன்னும் எனக்கு அந்த வரி மீது கோபம் தணியவில்லை.

2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஏறக்குறைய இதையே சோதித்தது. அரிவாள் செல் நோயால் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) வலியோடு வரும் ஒரு நோயாளியைப் பற்றி இரண்டு குறிப்புகளை எழுதினார்கள். ஒன்று, நடந்ததை மட்டும் சொன்னது. மற்றது அதே விவரங்களை நோயாளியைச் சந்தேகிக்கும் தொனியில் சொன்னது. மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் ஆளுக்கு ஒன்றைப் படித்தார்கள். இரண்டாவது குறிப்பைப் படித்தவர்களுக்கு நோயாளி மீது நல்லெண்ணம் குறைந்தது. வலிக்கு மருந்து கொடுப்பதிலும் அவர்கள் கை சுருங்கியது.

மருத்துவம் வரை போக வேண்டாம் என்றால் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. முகம் தெரியாத ஒருவரைப் பற்றி ஏழு சொற்கள்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என்று போகும். நடுவில் ஒன்றை மட்டும் மாற்றினார். ஒரு குழுவுக்கு அவர் இதமானவர், மற்றதற்கு ஒட்டுதல் இல்லாதவர். இதமானவர் என்று கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அவரைத் தாராள மனதுக்காரர் என்றார்கள். மற்ற குழுவில் அப்படிச் சொன்னவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. அவர் யாருக்கும் எதையும் கொடுத்ததாகவோ மறுத்ததாகவோ அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது!

சரி, உங்கள் இளைஞருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தும் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் குறுக்கே பேசினாரா? திருத்தச் சொன்னதைத் திருத்தாமல் அனுப்பினாரா? நீங்கள் விளக்கும்போது செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்படியென்றால் அதை எழுதுங்கள். செல்பேசியை நாளைக்கே கீழே வைத்துவிடலாம். ஆணவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அவர் கேட்டது எதிர்க்கேள்வி இல்லை அம்மா, நியாயமான கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லை என்பதால் அவர் குணம் கெட்டவராகிவிட மாட்டார்.

படிவத்தில் இடம் இரண்டு வரிதான் என்பீர்கள். செய்த ஒன்றைச் சொல்ல இரண்டு வரி தாராளம்.

ஆனால் உங்களை நான் கோபித்துக்கொள்வது இந்த இளைஞருக்காக அல்ல. புண்படுத்தாத சொற்களின் பட்டியல் கேட்கிறீர்களே, அதற்காக. உங்களிடம் அப்படிப்பட்ட சொற்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. மூத்தவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களை எதிர்க்க முடியாத இடத்தில் இருப்பவருக்கு "ஆணவம்". உங்களைத் திருப்பி அடிக்கக்கூடியவருக்கு "முன்னிறுத்துவதில் மேம்படலாம்". சிக்கல் வரவில்லை என்று நிம்மதியாக வேறு எழுதுகிறீர்கள். எப்படி வரும்? அந்த வாக்கியத்தில் அவர் எதையும் செய்யவே இல்லையே. அதைப் படிக்கும் இளையவர்களுக்கு, வரைந்தது தாங்கள்தானா என்ற சந்தேகமே வந்துவிடும்.

அவர் மேல் கடுமையான சொல்லை வீசச் சொல்லவில்லை. திருடர் என்று எழுதினால் அவர் பேச்சை அந்தச் சொல்லின் பக்கம் திருப்பிவிடுவார், வரைபடம் மறந்துபோகும். எந்த வரைபடம், யார் வரைந்தது, எந்தத் தேதியில் அதில் அவர் பெயர் ஏறியது, வரைந்தவர் பெயர் எப்போது நீங்கியது: இந்த நான்கையும் அடைமொழி இல்லாமல் எழுதி, அவருக்கும் ஒரு படி கொடுங்கள். கோபத்தில் கத்துவார். கத்தட்டும். அப்புறமும் பட்டியல் தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள்.