விடியற்காலை மீன் முட்டைகள்

ஐயா, வணக்கம்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவன் நான். மகள் வேலூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். வரிக்குதிரை மீனின் முட்டையில் மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகூட விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து ஓடுகிறாள். மீன் முட்டைக்கு என்ன இவ்வளவு அவசரம்? இன்னொன்று, எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் என்கிறாள். அப்புறம் ஒன்று கண்ணாகவும் ஒன்று வாலாகவும் எப்படி ஆகும்? கேட்டால், "உனக்குப் புரியாதுப்பா" என்கிறாள்.

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

உங்களுக்குப் புரியும். மற்ற பலரைவிட நன்றாகவே புரியும்.

முதலில் அவசரம். இந்த மீன் காலையில் வெளிச்சம் வந்ததும் முட்டையிடும். முக்கால் மணி நேரத்தில் முதல் செல் இரண்டாகும், பிறகு கால் மணிக்கு ஒரு தரம் இரட்டித்துக்கொண்டே போய் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் செல் ஆகிவிடும். மறுநாள் காலையில் இதயம் துடிக்கிறது! ஒரு பஸ்ஸை விட்டால் ஒரு கட்டமே போய்விடும். இதெல்லாம் 28.5 டிகிரி சூட்டில் நடக்கும் கணக்கு; சூடு மாறினால் வேகமும் மாறும், நம் வேலூர் வெயிலில் முட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போக முடியாது.

சரி, கண்ணும் வாலும். உங்கள் வீட்டில் பத்துக் கலர் நூல் இருக்கிறது. ஒரு லுங்கியில் எல்லாமா போகிறது? எந்த இடத்தில் எந்த நூல், எத்தனை இழை என்பதில்தானே கட்டம் மாறுகிறது? செல்லும் அப்படித்தான். தன்னிடம் உள்ள மரபணுக்களில் சிலவற்றை மட்டும் படித்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கிறது. எதைப் படிப்பது என்பதைப் பக்கத்து செல்களிலிருந்து வரும் சைகைகளும், டிஎன்ஏமேல் உட்காரும் புரதங்களும் முடிவுசெய்கின்றன.

நகல் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஏறும்படி செய்ய ஒரு வழி உண்டு. நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் அப்படிச் சாயமேற்றிய கருவைப் பார்த்தேன். கேழ்வரகு அளவுதான் இருக்கும். கிராக்ஸ்20 என்ற மரபணுவுக்கான சாயம், பின்மூளையில் கருநீலமாக இரண்டு பட்டை, நடுவில் வெறும் இடம். அசல் லுங்கிக் கரை! அந்த வெறும் இடத்து செல்களிலும் அதே மரபணு இருக்கிறது, அங்கே அது படிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது முதல் மூன்று மணி நேரம். அப்போது கரு தன் மரபணுக்களை அநேகமாகத் தொடுவதே இல்லை. தாய் மீன் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த நகல்களை வைத்தே பிழைக்கிறது. மரபணுவைப் படிக்கவிடாமல் மருந்து செலுத்தினால்கூட ஆயிரம் செல்வரை பிளந்துகொண்டு போகும், அதன்பிறகுதான் நின்றுபோகும். சொந்த மரபணுக்கள் விழித்ததும் முதலில் உண்டாகிறவற்றில் ஒன்று மிர்-430 என்ற சின்ன ஆர்என்ஏ. அது செய்கிற வேலை, தாய் கொடுத்த நகல்களைத் துடைத்து அப்புறப்படுத்துவது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மிர்-430 பற்றி மகளிடம் கேளுங்கள், உட்கார்ந்து சொல்வாள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு அதே பஸ்ஸில் போய்வாருங்கள். உள்ளே விட அனுமதி வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சாயமேற்றியது செத்த கரு. உயிருள்ள ஒருநாள் கருவைக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடி மாதிரி உடம்புக்குள் இதயம் அடிப்பது தெரியும்.