வாசகர் கேள்வி பதில்: பெரிகோர் கல்வீடும் ஓதம் ஏறிய சுவர்களும்

சென்ற இதழில், பிரான்சின் தென்மேற்கே தொர்தோன் ஆற்றை ஒட்டிய பெரிகோர் பகுதியில் பழைய கல்வீடுகளை வாங்கி விடுமுறை இல்லமாக்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து, வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: சர்லா நகருக்கு அருகே 120 ஆண்டுப் பழைமையான கல்வீடொன்றை வாங்கியுள்ளோம். உட்சுவர்கள் சிமெண்டால் பூசப்பட்டுள்ளன. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, வண்ணம் உரிகிறது. சுவருக்கு முன்னால் சட்டம் அடித்து ஜிப்சம் பலகை பொருத்திவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அவ்வாறு செய்யலாமா? (வாசகி, ஹாரோ)

பதில்: செய்யாதீர்கள். மறைவது ஓதத்தின் அடையாளம் மட்டுமே; ஓதம் அங்கேயேதான் இருக்கும். பலகைக்குப் பின்னே காற்றோட்டமில்லாத இருட்டில் பூஞ்சணம் படரும். அதைவிடக் கொடியது, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரங்களின் முனைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே இற்றுப்போகும். தென்மேற்குப் பிரான்சு கறையான் மிகுந்த பகுதி என்பதையும், ஈர மரம் கறையானுக்கு விருந்து என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டைக் கட்டியவர்கள் கல்லைச் சுண்ணாம்பாலோ களிமண்ணாலோ இணைத்தார்கள். அத்தகைய சுவர் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைத் தன் மேற்பரப்பு முழுவதன் வழியாகவும் வெளிவிடும். இரண்டும் சமமாக இருக்கும்வரை சுவருக்குக் கேடில்லை. பிற்காலத்தில் வந்த ஒருவர் அதன்மேல் சிமெண்டைப் பூசியபோது, ஈரம் நுழையும் வழியை விட்டுவிட்டு வெளியேறும் வழியை மட்டும் அடைத்துவிட்டார். அடைபட்ட நீர் பூச்சு முடியும் உயரத்தைத் தேடி மேலே ஏறுகிறது. நீங்கள் காணும் உப்பு, அந்நீர் ஆவியாகும்போது விட்டுச்சென்றது. சிமெண்டின் வரலாற்றில் இதே வட்டாரத்துக்கு ஓர் இடமுண்டு. உங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலுள்ள சூயாக் ஊரில் தொர்தோன் ஆற்றுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர் லூயி விக்கா, சுண்ணாம்பையும் களிமண்ணையும் அளவறிந்து கலந்து சுட்டு, நீரில் இறுகும் கலவையைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1817-இல் கண்டறிந்தார். ஆற்று நீருக்குள் நிற்கும் பாலத்துக்கு அது பெரும் வரம். ஈரத்தை வெளிவிட்டு வாழும் வீட்டுச் சுவருக்குப் பிற்காலத்துக் கடுஞ்சிமெண்ட் பொருந்தாது.

பணியை வெளியிலிருந்து தொடங்குங்கள். கூரை விளிம்பின் மழைநீர் வாய்க்கால் கசிகிறதா, இறங்குகுழாய் சுவரடியிலேயே நீரைக் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் நூறாண்டு மண் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அந்த மண்ணை வெட்டித் தாழ்த்தினாலே பாதிக் குறை தீரும். நீர்வடி வாய்க்கால் தோண்டச் சொன்னால் சுவரை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். இவ்வீடுகளின் அடித்தளம் ஆழமற்றது. அதன் பக்கத்து மண்ணை எடுத்தால் சுவர் இறங்கிவிடும். வாய்க்கால் சற்றுத் தள்ளியே செல்லட்டும். உள்ளே பழைய தரையைப் பெயர்த்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போடப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அப்படிப் போட்டிருந்தால், தரை வழியே வெளியேறிய ஈரமும் இப்போது சுவருக்குள்தான் செல்கிறது.

பிறகு உட்புறச் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கற்சுவர் ஓரங்குலம் உலர ஒரு மாதம் என்பது கொத்தனார்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அரை மீட்டருக்கு மேற்பட்ட தடிமனுள்ள உங்கள் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தால்கூட ஓராண்டு எடுத்துக்கொள்ளும். இந்தக் காத்திருப்புதான் எல்லாரையும் சோர்வடையச் செய்கிறது. என் வீட்டின் வடக்குச் சுவரை ஆறே மாதத்தில் பூசிவிட்டு, மறு குளிர்காலத்தில் அத்தனையையும் மீண்டும் கொத்தினேன். உலர்ந்த பின் சுண்ணாம்பு மட்டுமே பூசுங்கள். வெளிப்புறக் கல்லிடுக்குகளுக்கு, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகையான என்.எச்.எல்.-இல் 3.5 என்ற தரமும், உட்புறத்துக்கு அதைவிட மென்மையான என்.எச்.எல். 2 அல்லது காற்றில் இறுகும் சுண்ணாம்பும் பொதுவாக ஏற்றவை. குளிர் தாங்க வேண்டுமெனில், சணல்தண்டுச் சக்கை கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஐந்தாறு செ.மீ. தடிமனில் கிடைக்கிறது, அது வெப்பத்தையும் காக்கும், ஈரத்தையும் அடைக்காது. உறைபனிக் காலத்தில், வெப்பம் 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாள்களில் சுண்ணாம்பு வேலை கூடாது. கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த செட்டிநாட்டுக் கொத்தனாரிடம் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார், பனியைப் பற்றிய பேச்சு நீங்கலாக.

கேள்வி: உள்ளூர் ஆட்கள் தரும் மதிப்பீடு மிக அதிகமாக இருக்கிறது. லண்டனில் எங்களுக்கு நன்கு தெரிந்த கட்டட வேலைக்காரர் குழுவாக வந்து பாதி விலையில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வாடிக்கையாக வேலை வாங்கிய நம்பிக்கையானவர். அழைத்துச் செல்லலாமா? (வாசகர், குரோய்டன்)

பதில்: அவருடைய கைத்திறனையோ நேர்மையையோ நான் ஐயுறவில்லை. ஆயினும் பிரெக்சிட்டுக்குப் பின் பிரித்தானியக் குடிமக்கள் பிரான்சில் அனுமதியின்றி வேலை செய்ய இயலாது. பதிவில்லாமல் வேலை நடந்தால் வேலை செய்தவரோடு அதைக் கொடுத்தவரும் பொறுப்பேற்க நேரும்.

இன்னொரு பெரிய இழப்பும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி, 1978-ஆம் ஆண்டின் ஸ்பினெத்தா சட்டத்துக்குப் பிறகு, கட்டுமானப் பணியாளர் ஒவ்வொருவரும் பத்தாண்டுப் பொறுப்புக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். ‘கராந்தி தெசெனால்’ என்பது அதன் பெயர். வேலை முடிந்து பத்தாண்டுக்குள் கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் அல்லது அதைக் குடியிருக்கத் தகாததாக்கும் குறை தோன்றினால், பணியாளர் தொழிலைக் கைவிட்டுப் போயிருந்தாலும் அக்காப்பீடு உங்களைக் காக்கும். பத்தாண்டுக்குள் வீட்டை விற்க நேர்ந்தால், பத்திரம் எழுதும் நோத்தேர் அந்தச் சான்றைக் கேட்பார். அச்சான்றை வேலை தொடங்குமுன்பே வாங்கி, எந்தெந்தத் தொழிலுக்கு அது செல்லும் என்று வரிவரியாகப் படியுங்கள். தளவோடு பதிப்பதற்குக் காப்பீடு வைத்திருப்பவர் உங்கள் கூரையை மாற்றினால் அந்தக் கூரைக்குக் காப்பீடு இல்லை.

விலையைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். கட்டி முடித்து இரண்டாண்டு கடந்த வீட்டில் சீரமைப்பு செய்யும்போது, பதிவுபெற்ற பணியாளர் பொருளையும் வாங்கிப் பொருத்தித் தந்தால் மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காட்டுக்குப் பதிலாக 10 விழுக்காடு. வெப்பக்காப்பு போன்ற சில பணிகளுக்கு 5.5 விழுக்காடு. இது விடுமுறை வீட்டுக்கும் பொருந்தும். நீங்களே கடையில் பொருள் வாங்கினால் முழு 20 விழுக்காடு கட்டியாக வேண்டும். ஆகவே இரண்டு மதிப்பீடுகளை வரி உட்பட ஒப்பிடுங்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். முடிவில், குறைகள் தீரும்வரை மொத்தத் தொகையில் 5 விழுக்காடுவரை நிறுத்திவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த வேலையை ஏற்றுக்கொண்டதாக இருவரும் கையெழுத்திடும் தாளையும் மறவாதீர்கள். பத்தாண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரித்தானியக் கடவுச்சீட்டில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களே ஷெங்கன் பகுதியில் தங்க முடியும் என்பதால், வேலையை மேற்பார்வையிட வேண்டிய வாரங்களுக்கென்று நாள்களைச் சேமித்து வையுங்கள். ஆகஸ்டில் பெரும்பாலான பணியாளர்கள் விடுமுறைக்குச் சென்றுவிடுவார்கள். அந்த மாதத்தில் வேலை நடக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: சாளரங்கள் சிறியவை, பெரிதாக்கலாமா? (வாசகர், லெஸ்டர்)

பதில்: முகப்பின் தோற்றத்தை மாற்றும் எந்தப் பணிக்கும், சாளரத்தின் நிறத்தை மாற்றுவதற்குங்கூட, ‘மேரி’ எனப்படும் ஊர்மன்ற அலுவலகத்தில் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அதைப் பரிசீலிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீடு வரலாற்றுச் சின்னமொன்றின் பாதுகாப்பு வட்டத்துக்குள், வழக்கமாக 500 மீட்டருக்குள், இருந்தால் மேலும் ஒரு மாதம் ஆகும். அரசு மரபுக் கட்டடக் கலைஞரின் கருத்தும் வேண்டும். பெரிகோரில் பழைய தேவாலயமோ கோட்டையோ இல்லாத ஊர் அரிது. முதலில் அலுவலகத்துக்கு நேரில் சென்று, எண்ணியிருப்பதை ஒரு படத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்த அரைமணி நேரப் பேச்சு பல மாதக் கடிதப் போக்குவரத்தைத் தவிர்த்திருக்கிறது.

கேள்வி: லண்டன் வீட்டிலுள்ள சோபா, கட்டில்களையும், அம்மா வீட்டிலிருந்து வந்த தேக்கு ஊஞ்சலையும் அங்கே கொண்டுபோக விரும்புகிறோம். ஊஞ்சலை வரவேற்பறையின் ஓக் உத்தரத்தில் மாட்டலாமா? (வாசகி, ரெடிங்)

பதில்: ஊஞ்சலைக் கொண்டுபோங்கள், சோபாவை விட்டுச்செல்லுங்கள். பிரித்தானியா இப்போது சுங்க எல்லைக்கு அப்பால் இருப்பதால், வேனில் ஏற்றிச் செல்லும் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பட்டியலும் மதிப்பும் காட்ட வேண்டும். நிரந்தரமாகக் குடிபெயர்பவர்களுக்குக் கிடைக்கும் வரிவிலக்கு விடுமுறை வீட்டுக்குக் கிடைப்பதில்லை. அந்தச் செலவில் அங்கேயே அருமையான பொருள்கள் கிடைக்கும். கோடையில் ஊருக்கு ஊர் நடக்கும் ‘வீத் கிரெனியே’ சந்தைகளில் மக்கள் தங்கள் பரணில் கிடந்தவற்றை வீதியில் பரப்பி விற்பார்கள். பாதிரியார் ஆபே பியேர் 1949-இல் தொடங்கிய எம்மாவுஸ் தொண்டு அமைப்பின் கூடங்களிலும் பழைய மரச்சாமான்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பெரிய ஓக் அலமாரிகளை இன்று இளையோர் விரும்புவதில்லை என்பதால் அவை வியப்பூட்டும் அளவுக்கு மலிந்துவிட்டன. பெரும்பாலானவை மர ஆப்புகளால் இணைக்கப்பட்டவை. கழற்றிக் குறுகலான படிக்கட்டு வழியே ஏற்றி மறுபடி பூட்டலாம். கால்களிலும் பின்பலகையிலும் மாவுபோல் உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது.

ஊஞ்சலைப் பற்றி: ஓக் உத்தரத்தின் நடுப்பகுதி இரும்புபோல் இருந்தாலும், சுவருக்குள் புதைந்த முனைதான் எடையைத் தாங்குகிறது. கூரிய கருவியால் முனையருகே குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் தச்சர் வந்து பார்க்கும்வரை எதையும் மாட்டாதீர்கள். ஆடும் ஊஞ்சல் உட்கார்ந்தவர்களின் எடையைவிடக் கூடுதலான இழுவிசை தரும். உறுதியான உத்தரமானால், திருகாணியை அடியிலிருந்து ஏற்றாமல், உத்தரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு வளையம் தொங்கவிடச் சொல்லுங்கள். குளிர்காலம் முழுவதும் ஈரத்தில் கிடந்த தேக்குப் பலகை, நீங்கள் வந்து விறகடுப்பை மூட்டிய முதல் வாரத்தில் திடீரென உலர்ந்து வெடிக்கக்கூடும். அதை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அம்மாவின் ஊஞ்சலல்லவா, அதற்கு இந்த அக்கறை தகும்.

கேள்வி: சமையலறையை எப்படி அமைப்பது? மிக்ஸி, கிரைண்டர் ஓடுமா? (வாசகி, கார்டிஃப்)

பதில்: ஓடும். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் இந்தியாவில் உள்ளவையே: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்புள்ள பிரெஞ்சு வகைக்கு மாற்றுங்கள். ஆனால் அங்கே மின்சாரத்தை, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற உச்சவரம்புக்கு ஒப்பந்தம் செய்து வாங்குகிறோம். சிறு வீடுகளுக்குப் பெரும்பாலும் 6 கே.வி.ஏ. இருக்கும். இண்டக்ஷன் அடுப்பும் ஓவனும் வெந்நீர்க் கலனும் ஒருசேர ஓடினால் வீடு முழுவதும் இருளும். வரம்பை 9 அல்லது 12-க்கு உயர்த்தலாம். பழைய பண்ணை வீட்டில் மும்முனை இணைப்பு இருந்தால், ஒவ்வொரு முனைக்கும் அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

தோசைக்கல்லுக்கும் தாளிப்புக்கும் எரிவாயுவே வேண்டுமென்றால் சிலிண்டர்தான் வழி. பியூட்டேன் உறைநிலையருகே ஆவியாகாததால் அதை வெளியே வைத்தால் குளிர்காலத்தில் அடுப்பு எரியாது. புரொப்பேன் வெளியேதான் வைக்கப்பட வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள மின்விசிறிப் புகைபோக்கியைச் சுவரைத் துளைத்து வெளியே விடுங்கள். காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பிவிடும் வகை நம் சமையலுக்குப் போதாது. அதே அறையில் விறகடுப்பு இருந்தால் வெளிக்காற்று நுழையத் தனித் துளை கட்டாயம் வேண்டும். இல்லையேல் மின்விசிறிப் புகைபோக்கி உறிஞ்சும் வேகத்தில் விறகடுப்பின் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை, அபாயமணி ஒன்றை மாட்டுங்கள். விறகடுப்பின் புகைக்குழாயை ஆண்டுதோறும் துப்புரவு செய்து சான்றும் வாங்கி வையுங்கள், காப்பீட்டார் கேட்பார்கள்.

கேள்வி: நவம்பரில் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்போம். என்ன செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்? (வாசகர், ஹாரோ)

பதில்: தெருக் குழாயருகே நீரை மூடிவிட்டு, வீட்டின் தாழ்ந்த குழாயைத் திறந்து முழுவதையும் வடியுங்கள், வெந்நீர்க் கலனையும் வடிக்க வேண்டும். உறைந்த குழாய் வெடிப்பது பனியில். அது தெரியவருவது பனி உருகும்போது. அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். நீண்ட நாள் ஆளில்லாத வீட்டுக்குக் காப்பீட்டில் தனி நிபந்தனைகள் உண்டு, அவற்றைப் படித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை உள்ளே சென்று கூரையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.