கப்பலில் தங்கும் பயணத்தை கிரெடிட் கார்டில் போடலாமா?

கேள்வி: அரிசோனாவில் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூலையில் காரில் கலிபோர்னியாவின் லாங் பீச் போய், அங்கே ஹோட்டலாக நிற்கும் பழைய க்வீன் மேரி கப்பலில் இரண்டு இரவு தங்கி, சான் டியாகோ வழியாகத் திரும்பலாம் என்று ஆசை. மொத்தம் 1,900 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கார்டில் ஏற்கெனவே 2,800 டாலர் பாக்கி இருக்கிறது, வட்டி 24%. மாதம் 150 டாலர் கட்டுகிறேன். அது போக மாதம் 500 டாலர் மிஞ்சும். அவசரத் தேவைக்கு 14,000 டாலர் வைத்திருக்கிறோம். மாதச் செலவு 5,000. எச்-1பி விசாவில் வேலை. பயணத்தையும் அதே கார்டில் போட்டு 10 மாதத்தில் அடைத்துவிடலாமா? பாயிண்ட்டும் கிடைக்குமே?

பதில்: பயணம் போங்கள். ஆனால் அந்தக் கார்டில் வேண்டாம், ஜூலையிலும் வேண்டாம்.

முதலில் கார்டு விஷயம். புதிதாக வாங்குவதற்குக் குறைந்தது 21 நாள் வட்டி கிடையாது என்ற சலுகை, பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். பாக்கி வைத்திருப்பவர் அதே கார்டைத் தேய்த்தால் பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். 1,900 டாலரை 24% வட்டியில் 10 மாதத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 212 டாலர் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 215 டாலர் போல வரும். பாயிண்ட் 2% என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 38 டாலர். பழைய பாக்கி வேறு மாதம் 56 டாலர் வட்டியைத் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் கட்டும் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போகிறது.

அதனால் அவசர நிதியிலிருந்து 2,800ஐ எடுத்து இந்த வாரமே கார்டை அடைத்துவிடுங்கள். மீதி 11,200 இருக்கும், இரண்டு மாதச் செலவுக்குக் கொஞ்சம் அதிகம். வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ எச்-1பிக்காரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்தான் என்பதால், அதற்குக் கீழே இறங்கச் சொல்ல மாட்டேன். பயணத்துக்காக அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

கார்டு அடைந்ததும் அந்த 150 உங்கள் கைக்கு வந்துவிடும். 500உடன் சேர்த்தால் மாதம் 650. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்தில் 1,950. உங்கள் பகுதிப் பள்ளிகள் பெரும்பாலும் அக்டோபரில் விடும் இலையுதிர்கால விடுமுறையில் கடனில்லாமல் கிளம்பலாம். ஜூலையில் வழியிலுள்ள பிளைத் பக்கம் 110 டிகிரி வெயிலில் பிள்ளைகளோடு பஞ்சரான டயரை மாற்றும் வேலையும் மிச்சம்.

அடுத்து கார் செலவு. சுற்றி வந்தால் 850 மைல் போல வரும். காலனுக்கு 25 மைல் கொடுக்கும் வண்டி என்றால் 34 காலன். கலிபோர்னியாவில் பெட்ரோல் விலை அதிகம். போகும்போது எல்லைக்கு முன்னால் குவார்ட்ஸைட்டிலோ எரன்பர்கிலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது, டேங்கில் இருப்பது தாங்கினால், அரிசோனா எல்லைக்குள் யூமா வரை பொறுங்கள். ஆனால் பெட்ரோலோடு கணக்கு முடியாது. தொழில் பயணத்துக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) 2025க்கு வைத்த விகிதம் மைலுக்கு 70 சென்ட். அந்தக் கணக்கில் 850 மைலுக்கு 595 டாலர். அதில் இன்சூரன்ஸ் மாதிரி வண்டி வீட்டில் நின்றாலும் போகிற செலவும் அடக்கம், அதனால் முழுவதையும் எடுக்க வேண்டாம். டயர், ஆயில், தேய்மானத்துக்கு என்று ஒரு 150 டாலராவது ஒதுக்குங்கள்.

நீங்கள் தங்கப்போகும் கப்பலின் கதையும் இதேதான். 1936இல் முதல் பயணம் போன க்வீன் மேரியை லாங் பீச் நகரம் 1967இல் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கப்புறம் பழுதுபார்ப்புக்குக் கொட்டியது அதைப் போலப் பல மடங்கு. 2021இல் நடத்திக்கொண்டிருந்த நிறுவனமும் திவாலாகி, கப்பல் மறுபடி நகரத்தின் தலையிலேயே விழுந்தது.

இரண்டு இரவை ஒன்றாக்குங்கள் என்பேன். அறைகள் பழைய கேபின்கள்தான். மரப்பலகைச் சுவர், வட்ட ஜன்னல் எல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரி முழுக்க வேடிக்கை. இரண்டாவது இரவு உங்களுக்கே அது சின்ன அறையாகத் தெரியும். ஜன்னலே இல்லாத உள்பக்க அறைகளும் உண்டு, எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வாடகையில் எந்த டூர் சேரும், பார்க்கிங் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். (அறையில் ரைஸ் குக்கர் வைக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்!)

2024 ஜூலை முதல் கலிபோர்னியாவில் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். ஆனால் அரசு வரி தனியாக வரலாம். பார்க்கிங்கும் பெரும்பாலும் தனி. உங்கள் 1,900இல் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குறைத்த ஒரு இரவின் பணம் அங்கே போகும்.

முன்பதிவில், பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தையே எடுங்கள், 20, 30 டாலர் கூட இருந்தாலும் சரி. தங்கும் நாளுக்கு 72 மணி நேரத்துக்கு முன்னால் செய்த பதிவை, செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அபராதம் கூடாது என்று அதே மாநிலத்தில் சட்டம் உண்டு. அந்த ஒரு நாள் தாண்டினால் மலிவான கட்டணத்தில் ஒரு பைசா திரும்பாது. விசாவும் வேலையும் ஒன்றோடொன்று கட்டியிருக்கும்போது அந்த 30 டாலரை மிச்சம் பிடிக்க வேண்டாம்.