ஓடிக்கொண்டே இருந்து திடீரென நிற்கும் ஸ்பிண்டில்: கேள்வி பதில்

மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர்களை, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் மெஷின்களை, பழுது பார்ப்பது என் தொழில். இந்தச் சுற்றில் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று நிற்கும், மறுபடி போட்டால் பழையபடி ஓடும். அடியோடு எரிந்த மோட்டாரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இப்படி வந்து வந்து போகிற பழுதுதான் கைக்காசைக் கரைக்கும்.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. டிரைவை (ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றும் பெட்டி) திறப்பதற்கு முன் மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் டிரைவுக்குள் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். டிஸ்பிளே அணைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: அண்ணே, தேக்குக் கதவு செதுக்குகிறோம். 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில். தினமும் ஒன்றிரண்டு தடவை ஓவர் கரண்ட் காட்டி நிற்கிறது, ரீசெட் செய்தால் ஓடுகிறது. ஸ்பிண்டிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?

வேண்டாம் தம்பி, இப்போது எதையும் வாங்காதீர்கள். ஒரு நோட்டை மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும், ரீசெட் அழுத்துவதற்கு முன்பே, நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, டிரைவில் வந்த எழுத்து என்ன, எக்ஸ் ஒய் இசட் எண்கள் என்ன, அப்போது பிட் மரத்துக்குள் இருந்ததா வெளியில் இருந்ததா. மூன்று நாள் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

நிற்கும் இடமெல்லாம் டேபிளின் ஒரே பக்கமாக வந்தால், என் சந்தேகம் மோட்டார் மேல் போகாது. கேபிள் மேல்தான் போகும். டிராக் செயினுக்குள் (கேபிளைச் சுமந்து மெஷினோடு நகரும் சங்கிலி) கேபிள் ஒரே இடத்தில் நாள் முழுக்க மடங்கி நிமிர்கிறது. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். இன்னொரு பலவீனமான இடம் ஸ்பிண்டில் தலையில் இருக்கும் நான்கு பின் வட்டக் கனெக்டர். சால்டர் விட்டுப்போயிருந்தால், கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலம்) ஒரு பக்கம் போய்க் கேபிள் இழுபடும்போது மட்டும் தொடர்பு போகும். மூன்று பேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டில் கரண்ட் ஏறும், டிரைவ் ஓவர் கரண்ட் என்று சொல்லும். சொன்னது டிரைவ், காரணம் பின்.

பார்க்கும் வழி: டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். பழுது வரும் இடத்துக்கு ஸ்பிண்டிலைக் கொண்டுபோங்கள். கழற்றிய முனைகளில் இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் கேபிளை முழம் முழமாக ஆட்டிக்கொண்டே வரட்டும். எண் குதிக்கிற இடம்தான் இடம். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் இப்படி ஆட்டாதீர்கள், அந்த நேரம் பேஸ் விட்டால் டிரைவே போய்விடும்.

கேள்வி: நான் மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன், மூன்று வயரும் பீப் அடிக்கிறது. அப்படியென்றால் கேபிள் நல்லது தானே?

பீப்பை நம்பாதீர்கள். அறுபது இழையில் இரண்டு மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். அதே இரண்டு இழையில் எட்டு ஆம்பியர் போனால் சூடாகி விலகிவிடும். சந்தேகம் தீராவிட்டால் புதுக் கேபிளை டிராக் செயினுக்குள் போடாமல் மேலே தொங்கவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். பழுது வராவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது. கேபிள் விலை ஸ்பிண்டில் விலையில் ஒரு துளி.

கேள்வி: மழைக்காலத்தில் காலையில் மட்டும் டிரிப் ஆகிறது சார். மதியத்துக்கு மேல் பிரச்சினை இல்லை.

ஈரம். வாட்டர் கூல்டு என்றால் சீல் வழியாக உள்ளே நீர் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிரைவிலிருந்து மோட்டாரை முழுசாகப் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். பிரிக்காமல் மெகர் போட்டால் டிரைவ் காலி. 5 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டாதீர்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். காய்ந்தபின் அளவு நன்றாக ஏறினால் ஈரம்தான். காய்ந்தும் ஏறவில்லை என்றால் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: டிரைவை மாற்றினோம். அதிலிருந்து ஸ்டார்ட் ஆகும்போதே அடிக்கடி ஓவர் கரண்ட். மோட்டாரும் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

உடனே நிறுத்துங்கள், அப்புறம் படியுங்கள். புது டிரைவில் பேஸ் ஃப்ரீக்வென்சி (மோட்டாருக்கு முழு வோல்ட் போகும் ஹெர்ட்ஸ்; மேலே சொன்ன மூன்று பேஸ் வேறு) 50 ஹெர்ட்ஸ் என்றே இருக்கக்கூடும். உங்கள் ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம் என்றால் அது 400 ஹெர்ட்ஸ் மோட்டார். 220 வோல்ட் அதற்கு 400 ஹெர்ட்ஸில்தான் கிடைக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 55 வோல்ட் போதும். பேஸ் ஃப்ரீக்வென்சி 50 என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டும் போகும், அதாவது தேவையைப் போல எட்டு மடங்கு. பேஸ், மேக்ஸிமம் ஃப்ரீக்வென்சி இரண்டையும் 400 ஆக்கி, மோட்டார் பிளேட்டில் உள்ள கரண்டைக் கொடுத்து, ஆக்சலரேஷன் நேரத்தைப் பத்து வினாடி வையுங்கள்.

கேள்வி: கம்பிரசர் ஆன் ஆகும் நேரம் பார்த்து ஸ்பிண்டில் நிற்கிறது.

டிரைவில் அண்டர் வோல்டேஜ் (வோல்ட் குறைவு) வந்திருக்கும். கம்பிரசரையும் மெஷினையும் தனித்தனி பேஸில் போடச் சொல்லுங்கள். மெயினிலிருந்து வரும் வயரின் தடிமனையும், மெயின் ஸ்விட்ச் ஸ்க்ரூ இறுக்கத்தையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, எம்டிஎஃப் ஜாலி வெட்டும்போது ஸ்பிண்டில் நிற்கிறது. டிரைவில் எந்த எரரும் இல்லை, வெறும் பூஜ்ஜியம். மற்ற மரத்தில் வருவதே இல்லை.

நல்ல கவனிப்பு. எரர் இல்லாமல் நின்றால் டிரைவ் தானாக நிற்கவில்லை, யாரோ நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கன்ட்ரோலரிலிருந்து வரும் ரன் சிக்னல் ஒரு கணம் விட்டிருக்கிறது.

எம்டிஎஃப் தூள் மிக நைசானது. டஸ்ட் கலெக்டரின் பிளாஸ்டிக் ஹோஸில் அது உரசிக்கொண்டு ஓடும்போது ஸ்டாட்டிக் சேர்கிறது. ஹோஸ் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள், முடி சிலிர்க்கும். அது மெஷின் பாடிக்குப் பாயும்போது கன்ட்ரோலர் தடுமாறும், சில இடங்களில் யூஎஸ்பியும் துண்டிக்கும். ஹோஸுக்குள் உறையில்லாத செம்புக் கம்பியை நீளத்துக்கும் ஓட்டி எர்த்தில் கட்டுங்கள். கேன்ட்ரிக்கும் எர்த் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பெயின்ட் மேல் ஸ்க்ரூ போட்டிருந்தால் எர்த் கிடைக்காது, சுரண்டிவிட்டு இறுக்குங்கள். சிக்னல் வயர் ஸ்பிண்டில் கேபிளோடு ஒட்டி ஓடினால் ஒரு அடியாவது விலக்குங்கள்.

உறுதி செய்ய, ஒரு வேலையை டிரைவின் கீபேடிலிருந்தே ஸ்பிண்டிலை ஓட்டி முடித்துப் பாருங்கள். நிற்காவிட்டால் கோளாறு சிக்னல் பக்கம். ஆனால் கவனம்: அப்போது கன்ட்ரோலரில் ஸ்டாப் கொடுத்தாலும் ஸ்பிண்டில் நிற்காது. மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

கேள்வி: வேகம் ஏறும்போது விர்ரென்று ஒரு சத்தம், ஒரு மணி நேரத்தில் ஓவர்லோடு. பேரிங்கா?

அநேகமாக. மெயினை அணைத்து, பிட்டைக் கழற்றிவிட்டு, விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் நெரிவதுபோலத் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது. கோலெட்டையும் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) நட்டையும் துடைக்கிறேன் என்று ஸ்பிண்டில் மூக்கில் ஏர் கன்னால் அடிப்பதை நிறுத்துங்கள். தூள் நேராகப் பேரிங்குக்குள் போகிறது. புது பேரிங் போட்ட பிறகு தினமும் காலையில் 8,000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: அண்ணே, முதலில் கேட்ட தேக்குக் கதவு பட்டறை. நான்கு நாள் எழுதினோம், ஏழு தடவையும் வலது ஓரம். கனெக்டரைத் திறந்தால் வி பின் கருத்திருக்கிறது, வயரைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

ரொம்ப சந்தோஷம் தம்பி, ஒரு ஸ்பிண்டில் விலை மிச்சம். கருத்த பின்னில் சால்டர் ஒட்டாது, கனெக்டரையே புதிதாக வாங்குங்கள். 1.5 ஸ்கொயர் எம்எம், நான்கு கோர், ஷீல்டு உள்ள ஃப்ளெக்ஸிபிள் கேபிள் போதும். ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே வயரில் மாட்டிவிட்டு, வயருக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்துச் சூடு காட்டுங்கள். பின்பக்கக் கிளாம்ப் கேபிளின் வெளி உறையைப் பிடிக்க வேண்டும், இழுவை சால்டருக்குப் போகக் கூடாது.

நான்காவது பின்னிலிருந்து ஸ்பிண்டில் பாடிக்கு ஓம் பாருங்கள். மலிவான ஸ்பிண்டில்களில் அந்தப் பின் உள்ளே எதிலும் சேராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சேரவில்லை என்றால் ஸ்பிண்டில் பிடிக்கும் கிளாம்பிலிருந்து தனியாக ஒரு பச்சை வயர் எர்த் பாருக்கு இழுத்துவிட்டு, அதன் பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள்.